மூன்றாவது மெழுகுவர்த்தி

ஞாயிறு வகுப்பில் தான் சொல்லித்தருவது எந்தப் பிள்ளையின் மண்டையிலும் ஏறுவதில்லை என்பது மார்ஜரி டீச்சரின் பதினெட்டு வருடப் புலம்பல்.

"செத்துப்போனவங்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தின்னு போன வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். எதுக்குடான்னு இன்னிக்குக் கேட்டா, கரண்ட் போனா வெளிச்சத்துக்குங்கிறான் ஒருத்தன்!" என்றாள் வாசல் காவலாளியிடம்.

யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாள். கிளீவ்லேண்ட் ஜெப ஆலயத்தில், இறந்தவர்களுக்கான பிரார்த்தனை தொடங்கவிருந்தது. தாயும் தகப்பனும் உயிரோடிருப்பவர்கள் அப்போது உள்ளே இருக்கக் கூடாது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது டீச்சரின் வேலை.

எல்லாரும் ஓடிவிட்டார்கள். பன்னிரண்டு வயது ஷிரா மட்டும் தாய் ரோண்டாவின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரும்மா. உனக்கென்ன இங்க வேலை?"

"நான் வரலை டீச்சர்."

"போடி, டீச்சர் கூப்பிடறாங்கல்ல," என்றாள் ரோண்டா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீச்சருக்கு எரிச்சல் வந்தது. "இதையும் வகுப்புல சொன்னேனே! பிரிஞ்சு போனாலும் உங்கப்பா அலாஸ்காவில குத்துக்கல்லாட்டம் இருக்காரில்ல? எழுந்திரு."

ஷிரா ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். "வருஷா வருஷம் அம்மா ரெண்டு மெழுகுவர்த்திதான் ஏத்துவாங்க. தாத்தாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு. நேத்து மூணு ஏத்தினாங்க."

ரோண்டா பிரார்த்தனைப் புத்தகத்தை மகளின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

டீச்சர் வெளியே வந்தாள். முற்றத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர், ஒருத்தராவது பாடத்தைக் கவனிச்சாங்களா?" என்று சிரித்தார் காவலாளி.

"ஒருத்தி கவனிச்சிருக்கா," என்றாள் மார்ஜரி.