திரையை மட்டும் பாரும்

இணையவழியில் நடந்த கல்வி முதுமாணிப் பட்டப் பரீட்சைக்கு நதானியேல்தான் மேற்பார்வையாளர். கொக்குவிலில் தன் வீட்டு மேசையில் இருந்தபடி, கணினித் திரையில் தெரிந்த முகங்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பருத்தித்துறை ஆசிரியை ஜெசிதாவின் கண்கள் அடிக்கடி இடப்பக்கம் போயின.

“பிள்ளை, அங்காலை என்ன பார்வை?”

“ஒண்டுமில்லை, சேர்.”

முந்தின நாள்தான் அவள் போன் எடுத்து, பரீட்சையைத் தள்ளிப்போட ஏலாதோ என்று கேட்டிருந்தாள்.

“ஒருக்காத்தான் ஏலும். போன தவணை தள்ளிப்போட்டிட்டீர். இந்த முறையும் எழுதாட்டில் பதிவு ரத்தாகும். படிச்ச படிப்பெல்லாம் வீண்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். காரணத்தை அவர் கேட்கவில்லை.

இப்போது அவள் தலை மறுபடி திரும்பியது. பக்கத்தில் புத்தகம் வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவுகட்டினார்.

“இது கடைசி எச்சரிக்கை. இன்னொருக்காத் திரும்பினால் பரீட்சையை நிற்பாட்டிப்போடுவன். திரையை மட்டும் பாரும்.”

“ஓம், சேர்.”

அதன்பின் அவள் திரும்பவேயில்லை. வழிந்த கண்ணீரைக்கூடத் துடைக்காமல் எழுதினாள். பிடிபட்ட பயம் என்று நதானியேல் நினைத்தார்.

நேரம் முடிந்தது. மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஜெசிதா மட்டும் அசையாமல் இருந்தாள்.

“முடிஞ்சுது பிள்ளை. நீர் போகலாம்.”

“இனி அங்காலை பார்க்கலாமோ, சேர்?”

“ஏன், அங்கை என்ன கிடக்குது?”

“அம்மா கிடக்கிறா. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. காலமையிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் கடைசியாப் பேசினதுக்குப் பிறகு சத்தம் கேட்கேல்லை.”