மலைப்பாம்புக்கு ஒரு சவப்பெட்டி

"எவ்வளவு நீளம் இருக்கும்?" தச்சர் நுதுபிசி பலகையும் அளவுகோலுமாக முற்றத்தில் நின்றார்.

ஒபியாகேலி இடது கையை மடக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினாள். "இவ்வளவுதான். சுருண்டு கெடக்கு."

"குட்டியா? அடிப்பாவி, மண்ணு வெட்ட உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றபடி அவர் அறுக்க உட்கார்ந்தார்.

சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த ஊரில் கோழியைக் கொல்லலாம், ஆட்டைக் கொல்லலாம். மலைப்பாம்பைத் தொடக் கூடாது. ஆற்றுத் தெய்வம் இதெமிலி அந்த உருவத்தில்தான் வீடு வீடாக வந்துபோகிறாள். 'அம்மா' என்றுதான் அதைச் சொல்வார்கள்.

தவறிக் கொன்றுவிட்டால் மனுஷருக்குச் செய்வது அத்தனையும் செய்து புதைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் அடுத்த சாவு விழும், கொன்றவளை ஊர் ஒதுக்கி வைக்கும்.

அன்று விடியலில்தான் ஒபியாகேலியின் ஆண் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. பேர் வைக்கும் நாளைப் பார்க்காத குழந்தை. அதற்குப் பெட்டியும் இல்லை, அழுகையும் இல்லை.

"பேர் வைக்காததெல்லாம் மனுஷக் கணக்குல வராது. நீ அழுதேன்னா அது திரும்பத் திரும்ப வந்து பொறந்து சாவும். வாழையிலையில சுத்தித் தோப்புல வச்சுட்டு வா." மண்வெட்டியைக் கையில் திணித்து அனுப்பியவள் நாத்தனார் உகோதியா. துணைக்கு ஒரு ஆள் போகவில்லை.

போனவள் நொண்டிக்கொண்டு திரும்பினாள். கணுக்காலில் கிழிசல் துணியால் ஒரு கட்டு. தோளில் மேல்துணியில் முடிந்த ஒரு மூட்டை. "குழி வெட்டும்போது அம்மா மேல பட்டுருச்சு" என்றாள்.

ஊர் கூடிவிட்டது. காலில் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தையைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

"பெத்ததக் காப்பாத்தத்தான் துப்பில்ல, இப்போ தெய்வத்தையும் வெட்டிட்டு வந்து நிக்கிறா!" உகோதியா கையை ஆட்டினாள். "மூட்டைய அவுத்துக் காட்டச் சொல்லுங்க. ஏதாவது வயக்காட்டுப் பாம்பா இருந்துட்டா எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

"வாய மூடு" என்றார் பூசாரி. "கொன்ன கைதான் குளிப்பாட்டணும். கொன்ன கண்ணுதான் பாக்கணும். நீ பாத்தா பாவத்துல உனக்கும் பங்கு. வேணுமா?"

உகோதியா பின்வாங்கி, கூட்டத்துக்குள் புகுந்துகொண்டாள்.

ஒபியாகேலி மூட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "பாம்பையா குளிப்பாட்டுறா, கல்யாணப் பொண்ணையா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஒபியாகேலி பெட்டியை உள்ளே வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்து, ஆணியையும் அவளே அடித்தாள்.

பெட்டி வெளியே வந்ததும் வேட்டு வெடித்தது. பாம்புக்கு அழ ஊரே வந்திருந்தது. உகோதியாகூட மார்பில் அடித்துக்கொண்டாள். காலையில் செத்த மருமகனுக்காக ஒரு சொட்டு விடாத கண்கள் அவை.

ஒபியாகேலி மண்ணில் விழுந்து புரண்டு, தொண்டை கிழிய அழுதாள். யாரும் தடுக்கவில்லை. பாம்புக்காக எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்.

வாசலில், அந்த வீட்டுப் பெரியவர்கள் மண்ணுக்குள் படுத்திருக்கிற இடத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். "பேர் சொல்லிக் கூப்பிட்டு வழியனுப்பு" என்றார் பூசாரி. "பேரில்லாம யாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர முடியாது."

அவள் குனிந்து பலகையில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. செம்மண் விழுந்து பெட்டியை மூடியது.

கணவன் ஒக்குதிலி ஒனிட்சா நகரத்திலிருந்து லாரியை ஓட்டிக்கொண்டு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. போனில் அவனுக்குப் பாம்பு செத்ததைத்தான் முதலில் சொன்னார்கள். பிள்ளை செத்ததை அப்புறம் சொன்னார்கள்.

சனங்கள் வள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். துக்க முறைப்படி தலையை மழித்துக்கொண்டு, ஒபியாகேலி குழிமேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனும் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"பாம்புக்குப் பெட்டி, வேட்டு, வெள்ளைத் துணி. என் பையனுக்கு ஒரு வாழையில." அவன் அவள் பக்கம் திரும்பினான். "எந்த மரத்தடியில வச்ச, சொல்லு. யாருக்கும் தெரியாம ஒரு கல்லாவது நட்டு வச்சுட்டு வரேன்."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அவன் உள்ளங்கையை எடுத்து ஈரம் காயாத குழிமேட்டின்மேல் வைத்து அழுத்தினாள்.

"நான் பாம்பு எதையும் வெட்டல."