ஒரு சும்மாட்டுக்கு இடம்

கட்டடத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில், பழைய தலைவர்களின் ஹெல்மெட்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. செங்கல் சுமந்த சித்தாள் பெண்களின் நினைவாக, சுமையைத் தாங்கத் தலையில் துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாடு ஒன்றுக்கும் அதில் இடம் விட்டிருந்தார் செயலாளர் ஞானமுத்து.

"யாரோட சும்மாட்டை வைக்கிறது?" என்று கூடியிருந்த சித்தாள் பெண்களிடம் கேட்டார்.

ஒரே கூச்சல். ஆளாளுக்குத் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார்கள். யாரை வைப்பது, யாரை விடுவது? அவர்களில் ஒருத்தியான செல்லக்கிளி தன் துண்டைச் சுருட்டி, அதன்மேல் பக்கத்தில் நின்றவளின் துண்டைச் சுற்றினாள். பிறகு ஒவ்வொருத்தியும் சுற்றினாள். சும்மாடு லாரி டயர் போலப் பெருத்துவிட்டது.

"இது பெட்டிக்குள்ள எப்படிம்மா போகும்?"

"அது எதுக்குத் தோழர் உள்ள போகணும்?" என்ற செல்லக்கிளி, சும்மாட்டைத் தரையில் வைத்தாள். "ஒரு கை பிடிங்கடி!"

பெண்கள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி அதன்மேல் இறக்கினார்கள். உள்ளே ஒரு ஹெல்மெட்கூட ஆடவில்லை.