சில்லிட்ட எலிகள்

எலி வளைகளில் முதலில், பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து தூவ வேண்டும், மூன்று நாள் கழித்துத்தான் எலிக்கு விஷம் வைக்க வேண்டும் என்பது சுகாதாரப் பணியாளர் ஞானப்பிரகாசத்துக்கு மனப்பாடம். ஆனால் பூச்சி மருந்து வந்து சேரவில்லை. பக்கத்து ஊரில் பிளேக் என்று கேள்விப்பட்ட தெருவோ அவரை விடவில்லை. கையிலிருந்த விஷ உருண்டைகளை நேற்று வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

காலையில் பவுனு தன் வாசலில் பதினோரு எலிகளை வரிசையாகக் கிடத்தி, கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றிருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு பாக்கியில்ல. எல்லாம் உங்க புண்ணியம்.”

அவர் கையுறை மாட்டிக்கொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் ஒவ்வொரு எலியாகப் பிடித்து ரோமத்தைச் சீப்பால் வாரினார். ஒரு பூச்சிகூட விழவில்லை. கடைசி எலியை இரண்டு முறை வாரினார்.

“பாத்தீங்களா, சுத்தமான எலிங்க” என்று சிரித்தாள் பவுனு.

“எப்பம்மா செத்துச்சு?”

“ராத்திரியே. பாயைச் சுத்திதான் கெடந்துச்சுங்க. தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு.”

உடம்பு ஆறிப்போன எலியில் தெள்ளுப்பூச்சி தங்காது, பக்கத்தில் இருக்கிற சூட்டுக்குத் தாவிவிடும். அதுவும் அவருக்கு மனப்பாடம்தான்.

“பாயில யாரும்மா படுத்திருந்தா?”

பவுனு கதவை விரியத் திறந்து காட்டினாள்.

“எம் பொண்ணுதான். இனிமே எலி கடிக்குமோன்னு பயமில்லாமத் தூங்குவாண்ணே.”

உள்ளே அந்தப் பெண், தூக்கம் கலையாமலே, ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.