நாலு தலைமுறைச் சைவம்

கோகுலராஜ் முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்தான். சொந்த ஊரான பொகவந்தலாவையில் கிடைக்காத பொருள் இல்லை. அங்கே வாங்கினால் தலை தப்பாது. அதனால்தான் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கினிகத்தேனை வரைக்கும் பஸ் ஏறி வந்திருந்தான்.

“நல்ல சரக்குதானே முதலாளி?” என்றான், காதோடு காதாக.

“நேத்துத்தான் வந்தது மாத்தயா. அதுக்கு ஏன் இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?”

“நல்லா இறுக்கிச் சுத்துங்க. ஒரு தாள் பத்தாது.”

சுற்றியும் பிரயோசனம் இல்லை. ஹட்டன் தாண்டி ரெண்டு வளைவு திரும்புவதற்குள் பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து, “யாருப்பா கருவாடு கொண்டாந்தது?” என்று கேட்டுவிட்டாள். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த கோகுலராஜ் முதல் ஆளாக மூக்கைப் பொத்திக்கொண்டான். பொட்டலம் அவன் காலடியில்தான் கிடந்தது.

அவன் அப்பா சுப்பிரமணியம் பஜாரில் சைவக் கடை நடத்துகிறவர். பலகையில் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘நாலு தலைமுறைச் சுத்த சைவம்’ என்றிருக்கும். மீன் லாரி வாசலில் நின்றுவிட்டுப் போனாலே மஞ்சள் தண்ணி தெளிப்பார். வெளியில் போய் முட்டை ரொட்டி தின்ற சமையல்காரனை அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பியவர்.

அம்மா மனோரஞ்சிதத்துக்கு சைவம் மூக்கில் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே, “பின் சந்துல நெத்தலி பொரிக்கிறாளுக. அதுவும் உப்பு பத்தாத நெத்தலி,” என்பாள். சுத்தமான மூக்குக்குத்தான் அசுத்தம் எட்டும் என்று அப்பா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அந்த வீட்டு மருமகள் கௌசிக்கு இது ரெண்டாம் மாசம், தலைப்பிள்ளை. ‘மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க’ என்ற நிபந்தனையோடு அப்பா பஜார் முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தார். “எங்க வாரிசு வயித்துலயே சாம்பார் வாசம் புடிச்சு வளருது,” என்பது அவர் பேச்சு.

கௌசிக்கோ சாம்பார் கொதித்தால் குமட்டல், பெருங்காய டப்பாவைத் திறந்தால் கொல்லைப்பக்கம் ஓட்டம். தின்ற சோறு போன வேகத்திலேயே திரும்பியது. மிட்வைப் மிஸ்ஸி வந்து நிறுத்துப் பார்த்துவிட்டு, “இப்புடியே நிறை எறங்கிக்கிட்டுப் போனா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு சேலைன்தான் ஏத்தணும்,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“ஒரு துண்டு கட்டாக் கருவாடு இருந்தா சோறு எறங்கும்னு தோணுதுங்க,” என்றாள் கௌசி புருஷனிடம். “பூண்டுலோயாவுல எங்க வீட்டுல...”

“மெதுவா. எங்கம்மாவுக்கு காது கேக்காட்டியும் மூக்கு கேக்கும்.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பியதும் கோகுலராஜ் பொட்டலத்தைப் பிரித்தான். வீடு முழுக்க சாம்பிராணிப் புகையைப் போட்டுவிட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினான்.

கௌசி சூடான சோற்றில் பிசைந்து பிசைந்து தின்றாள், மறுபடி சோறு கேட்டாள். அது எந்த நிமிஷம் திரும்பி வருமோ என்று அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை.

வந்தது வாசலில் அப்பாவின் குரல்தான். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா எவன் வீட்டுல இந்த நாத்தம்?”

தாழ் போட மறந்த பின்கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

“நான்தாம்மா தின்னேன்,” என்றான் கோகுலராஜ்.

“அவ கையில எண்ண மினுங்குது, ஒன் கையில திருநூறு மினுங்குது. வாய மூடு.”

கௌசிக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. என்னைய பூண்டுலோயாவுக்கே அனுப்பிடுவாரு.”

“மனோரஞ்சிதம்,” என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். “நம்ம வீட்டுப் பக்கமால்ல வாட வருது?”

அம்மா கௌசியிடமிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாள். “நம்ம வீட்டுலயா? என்னா பேச்சு பேசுறீங்க. தையக்கார கஜேந்திரன் வீட்டுலதான். போயி நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டு வாங்க.”

செருப்புச் சத்தம் அடுத்த வாசலுக்குப் போனது. அம்மா பின்கதவைத் தாழிட்டாள், சன்னலைச் சாத்தினாள். அதற்குள் அங்கே அப்பா தொடங்கிவிட்டார்: “நாலு தலமுறையா எங்க குடும்பத்துல...”

அம்மா சட்டியிலிருந்து ஒரு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து கௌசியின் தட்டில் வைத்தாள்.

“எண்ணெயில போட்டா ஊரையே கூப்புடும்டி. வாழ எலையில சுத்தி தணலுக்குள்ள பொதைக்கணும். இவன் வயித்துல இருந்தப்ப என் மாமியா எனக்கு அப்படித்தான் சுட்டுக் குடுத்தாங்க.”