ஆற்றில் நின்ற கழுதை

சினிமா என்னும் பீடையைத் தருமபுரி மாவட்டத்தை விட்டே விரட்டப்போவதாகச் சின்னப்பராஜ் அறிவித்தபோது, விபூதி புதனன்று சாமியார் அவன் நெற்றியில் பூசிய சாம்பல் இன்னும் உதிரவில்லை.

டீக்கடையில் இருந்த ஏழு பேர் சாட்சி.

தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விட்டார்கள், பீடியை விட்டார்கள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் சரித்திரம் படிக்கிறவன் அப்படிச் சில்லறையாக எதையாவது விட முடியுமா? நாற்பது நாளுக்குச் சினிமாவையே விட்டான்.

முதல் எதிரி வீட்டிலேயே இருந்தாள். அம்மா ஆரோக்கியம்மாள்.

அவளும் தவக்காலத்தில் படம் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்தால் ஒரு சாக்கையும் ஒரு கூடைப் புளியையும் தூக்கிக்கொண்டு டென்ட் கொட்டாய்க்குப் பின்பக்கம் போய் உட்காருவாள். கொட்டை எடுத்தபடியே முழுப் படத்தையும் காதால் கேட்டுவிட்டு வருவாள்.

"கண்ண வூட்ல வுட்டுட்டுக் காத மட்டும் கொட்டாய்க்கு அனுப்பறியாம்மா? பாவசங்கீர்த்தனத்துல இதுக்கு அரை டிக்கெட்டா?"

"பாக்கறதுதான்டா பாவம். தானா வந்து காதுல வுழுந்தா நான் என்ன பண்ணட்டும்?"

இந்தப் பதிலை அவன் டீக்கடையில் குரல் மாற்றி நடித்துக் காட்டினான். ஐந்து வாரம் ஊர் சிரித்தது.

ஆறாவது வாரம், புதன்கிழமை காலையில், நோட்டீஸ் வண்டி வந்தது.

'ஒத்தைக்காது கழுதை'. குழந்தைகள் கொண்டாடிய அதே கதை, இப்போது முழுநீளக் கலரில். நாலே நாள்.

"கழுதையே கறுப்பு வெள்ளைதான். அதுக்கு எதுக்குடா கலரு?" என்றான் சின்னப்பராஜ்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. ரோஸ் கலர் நோட்டீஸை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பல் குத்த உதவும் என்றான்.

விஷயம் இதுதான். அவனுக்கு எட்டு வயதில் அந்தக் கதையின் பழைய படம் இதே கொட்டாய்க்கு வந்தது. கண் தெரியாத ராஜாவை முதுகில் ஏற்றிக்கொண்டு கழுதை நடு ஆற்றில் நின்றது. வெள்ளம் கழுத்து வரை ஏறியது. இடைவேளை விட்டார்கள்.

முறுக்கு வாங்குவதற்குள் நிஜமாகவே காற்று வந்தது. டென்ட் கிழிந்தது. திரை பறந்துபோய் முனியப்பன் கரும்புக் காட்டில் விழுந்தது. அம்மா அவனை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு மழையில் வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் படப்பெட்டி மொரப்பூரில் ரயிலேறிப் போனதுதான்.

பன்னிரண்டு வருஷமாகக் கழுதை ஆற்றிலேயே நிற்கிறது.

நாலாம் வகுப்புப் புத்தகத்திலும் கதையின் முதல் பாதிதான் இருந்தது. மீதியை நூலகத்தில் படித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஊரில் நூலகம் இல்லை. கழுதை செத்துவிட்டது என்று வாத்தியார் சொன்னார். கரையேறி மந்திரியானது என்றான் கூடப் படித்த தீர்த்தகிரி. சின்னப்பராஜ் இரண்டையும் நம்பவில்லை. காத்திருந்தான்.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. தவக்காலத்தில். ஏழு சாட்சிகள் இருக்கிற ஊருக்கு.

மூன்று நாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தவக்காலம் ஏதும் இல்லாத தீர்த்தகிரி முதல் நாளே பார்த்துவிட்டு, "டேய், அந்தக் கழுதை கடைசியில..." என்று வாயைத் திறந்தான். சின்னப்பராஜ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு புளியமரம் வரை ஓடினான். இன்னொருத்தன் வாயால் தெரிந்துகொள்வதற்கா பன்னிரண்டு வருஷம்?

வீட்டில் மட்டும் அந்த அபாயம் வரவில்லை. மூன்று நாளும் அம்மா இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டாள்.

"என்னம்மா, காதுக்குப் பாதிப் படம் போதுமா?" என்றான்.

"புளி தீந்துபோச்சு" என்றாள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. விடிந்தால் குருத்தோலை ஞாயிறு, டென்டைப் பிரித்துவிடுவார்கள்.

சாயங்காலம் கொட்டாய் மைக்கில் சாமி பாட்டு ஓய்ந்தது. இனி படம்தான். தரை டிக்கெட் கூட்டம் கலைந்து உள்ளே போயிற்று.

ஒரு மணி நேரம் பொறுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சின்னப்பராஜ் பின்பக்கம் வந்தான். சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் குனிந்து செயினைத் தடவினான்.

அம்மா தலை நிமிரவில்லை.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் ஏறியது. ராஜா கத்தினார். கழுதை ஒரு தரம் கனைத்தது. விளக்கு போட்டார்கள், முறுக்குக்காரன் குரல் கேட்டது.

இடைவேளை.

முந்தின மூன்று நாளும் இந்நேரம் அவள் சாக்கை உதறி மடித்திருப்பாள். இன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கவனித்தான். நாலாக மடித்துப் போட்டு உட்காருகிற சாக்கு, இரண்டு ஆள் உட்காருகிற அகலத்துக்கு விரிந்து கிடந்தது. கூடையில் புளி குமிந்திருந்தது.

அவன் சைக்கிளை மரத்தில் சாய்த்தான்.

"நான் ஒண்ணும் பாக்க வரலம்மா."

"தெரியும்."

"கழுதை என்னாச்சுன்னு மட்டும் சொல்லிடாத. உனக்கு இந்நேரம் யாராச்சும் சொல்லியிருப்பாங்களே."

"எனக்கு எப்புடிறா தெரியும்?" என்றாள். "மூணு நாளா உனக்காகத்தான் பாதியில எந்திரிச்சு வந்தன்."

பெல் அடித்தது. விளக்கு அணைந்தது.

சின்னப்பராஜ் சாக்கின் மறுபாதியில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு புளியை எடுத்தான்.