ஒரு விரல் இடைவெளி

"அண்ணி, மணி ரெண்டரை. நாலு மணிக்கு ரேஸ்."

"தெரியும் தம்பி. டர்போ வாயில அடைச்சிருக்கிற துணியை மட்டும் எடுத்துடாதே. ஒரு நட்டு உள்ள விழுந்தா உன் ரேஸ் இங்கேயே முடிஞ்சிடும்."

பந்தயத் திடலை ஒட்டிய ஷெட்டில், நீலக் காரின் பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள் அண்ணி. மெக்கானிக் வேலையில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. டர்போவுக்குக் காற்று கொண்டுபோகும் அலுமினியப் பைப்பை இந்தக் காருக்கென்றே அளவெடுத்து வளைத்திருந்தாள். கொழுந்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையுறையைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"மூணு வருஷமா ரெண்டாவது இடம் அண்ணி. அந்தச் சிவப்பு கார் முதுகுல எத்தனை கீறல் இருக்குன்னு எனக்கு மனப்பாடம்."

"எத்தனை?"

"ஏழு. அதை ஓட்டுறவங்களுக்கு ஜெயிச்ச திமிரு வேற. போன வருஷம் முந்திட்டுப் போறப்ப எனக்குக் கை ஆட்டினாங்க."

"ஓகோ, திமிரா?" அண்ணி கிளாம்பை முறுக்கினாள். "முதல் வருஷம் டயர் சரியில்லைன்னே. அடுத்த வருஷம் வெயில் கண்ணை அடிச்சுதுன்னே. போன வருஷம் பைப்பு."

"பைப்பு நிஜமாவே கழண்டுச்சு அண்ணி. சத்தியமா."

அவன் அடுத்த ஷெட்டை எட்டிப் பார்த்தான். சிவப்பு கார் பளபளவென்று தயாராக நின்றது. "ஆளையே காணோம். இன்னிக்கு வேற வேலை போல," என்று சிரித்தான்.

"வாயால முந்துனது போதும். உட்காந்து ஸ்டார்ட் பண்ணு."

துணியை உருவிவிட்டுப் பைப்பை மாட்டியாயிற்று. பைப்புக்கும் ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸுக்கும் நடுவே, மகளின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டை பிடித்து ஒட்டினாள். அது அவளுடைய வழக்கமான பரீட்சை. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கியது. களிமண் காகிதம்போல் தட்டையாகிவிட்டது.

"இடிக்குது. கழட்டணும்."

"ஐயோ, மணி மூணேகால். ஒரு விரல் இடம் இருக்கே அண்ணி."

"நிக்கிறப்ப இருக்கு. இன்ஜின் ஆடுறப்ப பைப்பு விளிம்பு ஹோஸை அறுத்துடும். ஆறாவது ரவுண்டுல தண்ணி பூரா ரோட்டுல நிக்கும்."

"பன்னெண்டு ரவுண்டுதானே, தாங்கும். நான் இப்படியே ஓட்டிக்கிறேன். விட்டுடுங்க."

அண்ணி கையிலிருந்த ஸ்பானரை ஒரு கணம் பார்த்தாள். விட்டுவிடலாம்தான். அவனே சொல்கிறான், யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.

பிறகு குனிந்து பைப்பைக் கழற்றினாள். டர்போ வாயில் மறுபடி துணியை அடைத்தாள். அலுமினியத் தூள் காருக்குள் சிந்தாமலிருக்க, பைப்பை வாசலுக்குக் கொண்டுபோய் அறுத்தாள். விளிம்பை ராவி, ஊதி, துடைத்துக் கொண்டுவந்தாள். அவன் ரேசுக்கு முன்னாலேயே வியர்வையில் குளித்துவிட்டான்.

மணி மூன்று ஐம்பது. துணி வெளியே, பைப் உள்ளே. புது உருண்டையை ஒட்டி, "மிதி" என்றாள். டர்போ விசிலடித்தது. இன்ஜின் குலுங்கியது. களிமண் உருண்டை உருண்டையாகவே இருந்தது.

"அண்ணி, நீங்க தெய்வம்."

"இந்த வருஷம் பைப்பு மேல பழி போட முடியாது. புரியுதா?"

"புரியுது அண்ணி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த தன் ஹெல்மெட்டை எடுத்தாள். அடுத்த ஷெட்டுக்கு நடந்தாள். சிவப்பு காரில் ஏறி உட்கார்ந்து, அவனைப் பார்த்துக் கை ஆட்டினாள்.